முன் சக்கரமா, பின் சக்கரமா?

மல்காஜ்கிரியில் அறை எடுத்துத் தங்கி, லாலாபேட்டை, தார்நாகா வழியாக உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து போகும் தமிழ் மாணவர்கள் நம்மில் சிலர் உண்டு. ஐந்தாறு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஆணியும் கண்ணாடிச் சில்லும் எத்தனை கிடக்கும் என்பது வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

சென்ற மழைக்காலத்தில் என் அறைத் தோழர் ஒரு சிறு கருவி வாங்கி வந்தார். டயரின் காற்றழுத்தத்தை அளந்து, கைப்பிடியருகே பொருத்திய சிறு திரையில் காட்டும் கருவி அது. வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகவேண்டிய சென்சார்கள் இரண்டு, திரை ஒன்று. மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்தி அரைமணி நேரத்தில் பொருத்தி முடித்தோம். முன்னால் 25 பவுண்டு, பின்னால் 29 பவுண்டு என்று திரை காட்டியது. இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், லாலாபேட்டையைத் தாண்டும்போது கருவி கூவியது. முன் சக்கரத்தில் காற்று 17 பவுண்டு என்று திரை சொன்னது. தோழர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல்லைப் போல் இருந்தது. “கருவி பழுதாகிவிட்டது, வாங்கிய பணம் தண்டம்” என்று சொல்லி, கூவலை நிறுத்திவிட்டு மறுபடியும் வண்டியை எடுத்தார். தார்நாகா வருவதற்குள் வண்டியின் பின்பகுதி மீன் வால் போல ஆடத் தொடங்கியது. நெரிசலில் மெல்லப் போய்க்கொண்டிருந்ததால் பிழைத்தோம்.

பஞ்சர் கடைப் பெரியவர் பின் டயரிலிருந்து இரண்டு அங்குல ஆணி ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். பிறகு பின் வால்வில் இருந்த சென்சாரைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதில் ‘எஃப்’ என்னும் எழுத்து இருந்தது, முன்சக்கரத்துக்கு உரியது. “கருவி பொய் சொல்லவில்லை, தம்முடு. எந்தச் சக்கரத்தில் இருக்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே அது சொல்லும்?” என்றார்.

நடந்தது இதுதான். அதற்கு முந்திய ஞாயிறன்று பெட்ரோல் பங்கில் காற்றடிக்க இரண்டு சென்சார்களையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட தோழர், திருப்பி மாட்டும்போது இடம் மாற்றி மாட்டிவிட்டார். அந்த ஒரு வாரமும் திரை, முன்னால் 29, பின்னால் 25 என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தாம் பார்த்தும் பாராமல் இருந்தோம்.

இந்தக் கருவிகளைப் பொருத்துவதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று சென்சாரை எழுப்புவது. மற்றொன்று அதைத் திரைக்கு அடையாளம் காட்டுவது. கடைக்காரர்கள் ‘ஆக்டிவேஷன்’, ‘பேரிங்’ என்பார்கள். இரண்டும் வெறும் பொத்தான் அழுத்தும் வேலை என்றே நாம் எண்ணுகிறோம். உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தால், கருவி கூவும்போது எதை நம்புவது என்பதும் தெரியும்.

காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் 1845-இல் உரிமம் பெற்றார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் அதை மறுபடியும் கண்டுபிடித்தார். அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள், காற்றுக் குறைந்ததா என்று அறியக் கட்டைவிரலும், லாரிக்காரரின் கைத்தடியும், பங்கில் இருக்கும் கேஜும்தான் கருவிகள். ஓடும் வண்டியிலேயே காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு 1986-இல் போர்ஷே நிறுவனத்தின் 959 என்னும் காரில் வந்தது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் பூட்டிய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் பல கவிழ்ந்து உயிர்ச்சேதம் விளைந்ததையொட்டி 2000-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2020-இல் வந்த விதித்திருத்தம் வேறு வகையானது: டியூப்லெஸ் டயரும் பழுது பார்க்கும் கருவிப்பெட்டியும் இந்தக் கண்காணிப்பு அமைப்பும் இருந்தால், காரில் உபரிச் சக்கரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது.

மோட்டார் சைக்கிளில் உபரிச் சக்கரம் என்பதே கிடையாது. காரில் ஒரு டயர் இறங்கினால் மற்ற மூன்றும் வண்டியைத் தாங்கிக்கொள்ளும். நம் வண்டியிலோ இருப்பதே இரண்டு. ஆயினும் இந்த அமைப்பு இரு சக்கர வண்டிகளுக்கு மெல்லத்தான் வந்தது. நம் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 என்னும் வண்டியில், கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்ளும் வசதியாக இதை அளித்தது. நம் கையில் இருப்பதோ பெரும்பாலும் அண்ணனோ மாமாவோ ஓட்டிவிட்டுக் கொடுத்த பழைய வண்டி. அதற்குக் கிடைப்பது வால்வில் திருகும் மூடிச் சென்சார்தான். வால்வோடு சேர்த்து ரிம்முக்கு உள்ளே பொருத்தும் வகையும் உண்டு. ஆனால் அதற்கு டியூப்லெஸ் டயர் வேண்டும்.

எந்த வகையானாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு சிலிக்கான் சில்லு. அதில் மிக மெல்லிய தகடு. தகட்டுக்குப் பின்னால் காற்று நீக்கிய ஒரு குழி. டயர்க் காற்று தகட்டை அழுத்த, அது வளையும். வளைவுக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும். அந்த மாற்றமே அழுத்தத்தின் அளவு. உடன் ஒரு வெப்பமானி, சிறு வானொலி ஒலிபரப்பி, பொத்தான் போன்ற பாட்டரி. இவற்றோடு, தொழிற்சாலையிலேயே எழுதி வைத்த ஓர் எண். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

பாட்டரியிலிருந்து தொடங்குவோம். மூடிச் சென்சார்களில் பரவலாகக் காணப்படும் 1632 என்னும் பாட்டரியில் ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் இருக்கும். ஒலிபரப்பி வேலை செய்யும்போது 10 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இடைவிடாது பேசும் சென்சார் 13 மணி நேரத்தில் செத்துப்போகும். அதையே நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் பேசச் செய்தால், ஒரு நாளைக்கு அது பேசுவது மொத்தம் பதினான்கரை வினாடிக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு ஆண்டுக்கு மேல் வரும். தூங்குவதற்கும் அளப்பதற்கும் கொஞ்சம் மின்சாரம் செலவாவதால் நடைமுறையில் அவ்வளவு வராது. எனினும், சென்சார் ஏன் எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

தூங்குவதை எழுப்ப மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அழுத்த மாற்றம். மூடிச் சென்சாரை வால்வில் திருகியவுடன் டயர்க் காற்று அதன்மேல் பாய்கிறது. திடீரென்று ஏறிய அழுத்தத்தைக் கண்டு அது விழித்துக்கொள்கிறது. இரண்டாவது, சுழற்சி. சக்கரம் சுழன்றால் ஏற்படும் முடுக்கத்தை உணரும் உறுப்பு உள்ளே இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்களில் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகே சென்சார் பேசத் தொடங்கும். அதுவரை திரையில் வெறும் கோடுகள்தாம் தெரியும். மூன்றாவது, கடைக்காரர் கையில் இருக்கும் எழுப்பு கருவி. 125 கிலோஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த அலைவரிசையில் அது ஒரு குறிப்பொலி அனுப்பும். அருகில் பிடித்தால்தான் கேட்கும். அதனால் பக்கத்துச் சக்கரம் விழித்துக்கொள்வதில்லை.

சுழற்சியால் எழும் சென்சாரைப் பொருத்திவிட்டு, நின்ற வண்டியின் அருகே உட்கார்ந்து பொத்தானை மாறி மாறி அழுத்துவதில் பயனில்லை. “புதுச் சென்சாரே வேலை செய்யவில்லை” என்று திருப்பிக் கொடுக்கப் புறப்படுவதற்குமுன், பத்து நிமிடம் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

எழுந்த சென்சார் யாரிடம் பேசுகிறது? இங்கேதான் ‘பேரிங்’ என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. இருவர் கை கோத்துக்கொள்வது போலச் சென்சாரும் திரையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்று நாம் கற்பனை செய்கிறோம். அப்படி அல்ல. பெரும்பாலான சென்சார்களுக்குக் காது கேட்காது; பேச மட்டுமே தெரியும். தெருவில் காய்கறி விற்பவரைப் போல, “நான் இன்ன எண், அழுத்தம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, பாட்டரி நலம்” என்று பொதுவாகக் கூவிவிட்டுத் தூங்கப் போய்விடும். திரையோ அந்த வழியே போகும் கூவல்கள் எல்லாவற்றையும் கேட்கிறது. எந்தக் குரல் நம்முடையது, அது எந்தச் சக்கரம் என்று அதற்கு ஒருமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பேரிங். ‘இன்ன எண் = முன், இன்ன எண் = பின்’ என்று திரையின் நினைவில் இரண்டு வரி எழுதுகிறோம். சென்சாரில் எதுவும் மாறுவதில்லை.

அந்த எண் பொதுவாக 32 பிட் நீளமுடையது. ஏறக்குறைய 429 கோடி வெவ்வேறு எண்கள் அதில் எழுதலாம். பக்கத்து வண்டியின் எண்ணும் நம் எண்ணும் ஒன்றாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று. கற்றுக்கொள்ளும் நிலையில் திரை திறந்திருக்கும்போது, முதலில் கேட்கும் குரலை நம்முடையது என்று எழுதிக்கொள்ளும் கருவிகள் உண்டு. விடுதி வண்டி நிறுத்தத்தில் இருபது வண்டிகளுக்கு நடுவே வைத்து இந்த வேலையைச் செய்தால், யாரோ ஒருவருடைய டயர் நம் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். ஆகவே ஆளரவமற்ற இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

செய்முறை கருவிக்குக் கருவி சற்று மாறும்; சாரம் இதுதான். பின் சென்சாரைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். திரையின் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் முன்சக்கரப் படம் மினுக்கும். அப்போது முன் சென்சாரை வால்வில் திருகுங்கள். காற்று பட்டதும் அது விழித்துக் கூவும்; திரை கேட்டு, ஒலியெழுப்பி ஒப்புக்கொள்ளும். பிறகு பின்சக்கரத்துக்குப் போகலாம். நேரம் கடந்துவிட்டால் சென்சாரைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் திருகுங்கள்.

கைப்பேசியோடு பேசும் புளூடூத் வகையில் பலர் தடுமாறுவது வேறிடத்தில். கைப்பேசியின் புளூடூத் அமைப்புக்குள் போய், காதில் மாட்டும் ஒலிக்கருவியை இணைப்பதுபோல இதையும் இணைக்கப் பார்க்கிறார்கள். அங்கே அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதற்குரிய செயலியைத் திறந்து, சென்சாரின் எண்ணையோ கியூ.ஆர். கட்டத்தையோ அங்கே காட்ட வேண்டும். சற்றுப் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பிட அனுமதி தராவிட்டால் செயலிக்கு எதுவும் கேட்காது. டயரில் காற்றுப் பார்க்க நம் இருப்பிடம் எதற்கு என்று எனக்கும் கோபம் வந்ததுண்டு. சுற்றியுள்ள புளூடூத் குரல்களைக் கேட்டே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று ஊகிக்க முடியும் என்பதால் வைத்த கட்டுப்பாடு அது.

இவ்வளவும் செய்த பிறகு, நாங்கள் செய்யாமல் விட்ட ஒன்றை நீங்கள் செய்துவிடுங்கள். பின்சக்கரத்துச் சென்சாரைக் கழற்றி, வால்வு ஊசியை அழுத்தி, ஐந்து பவுண்டு காற்றை வெளியே விட்டுவிட்டு மறுபடியும் திருகுங்கள். திரையில் எந்தச் சக்கரத்தின் எண் இறங்குகிறது? பின்சக்கரத்தின் எண் இறங்கினால் சரி. உள்ளே பொருத்தும் வகைக்கும் இதே சோதனைதான். புதிய அளவு வரச் சிறிது தூரம் ஓட்ட வேண்டியிருக்கலாம். காற்றடிக்கக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றை முழுதாக முடித்து மாட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். சட்டைப்பையில் இரண்டும் சேர்ந்தால் குழப்பம்தான்.

திரை காட்டும் அளவும் கேஜ் காட்டும் அளவும் ஒத்துப்போகவில்லை என்பது அடுத்த குறை. ஐதராபாத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையில் இருப்பதைவிடச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 0.9 பவுண்டு குறைவு. கேஜ் அளப்பது டயருக்கு உள்ளும் வெளியும் உள்ள வேறுபாட்டை. சென்சாரோ, தகட்டுக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பதால், உள்ளே உள்ள முழு அழுத்தத்தை அளக்கிறது. அதிலிருந்து கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தைக் கழித்துத் திரையில் போடும் கருவியானால், இங்கே அது கேஜைவிட ஏறக்குறைய ஒரு பவுண்டு குறைத்தே காட்டும். இரண்டும் உண்மைதான். சென்னையில் சரியாக இருந்த வண்டியை இரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள், இங்கே கேஜ் ஒரு பவுண்டு கூடுதலாகக் காட்டுவதைக் கண்டு வியக்க வேண்டாம்.

வெப்பமும் தன் பங்குக்கு விளையாடும். பிற்பகலில் 30 பாகை வெப்பத்தில் 29 பவுண்டு அடித்த டயர், தை மாதத்து விடியற்காலையில் 14 பாகையில் 27-க்குச் சற்றுக் கீழே காட்டும். ஓடிச் சூடேறி 50 பாகையானால் 32-ஐ நெருங்கும். ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சூட்டில் 32 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் மறுநாள் காலையில் காற்றில்லாத டயரோடு புறப்படுகிறார்கள். வண்டிப் புத்தகம் சொல்லும் அளவு, ஓட்டுவதற்குமுன் குளிர்ந்திருக்கும் டயருக்கு உரியது. பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, எந்தச் சூட்டில் அளந்தாலும் 20 பாகைக்குக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். அதனால் சூடான டயரில் பங்குக் கேஜோடு அது ஒத்துப்போகாது.

மூடிச் சென்சாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. சாதாரண மூடி வால்வு ஊசியைத் தொடாது. இதுவோ காற்றை அளக்க வேண்டி ஊசியை அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. ஆகவே காற்றைத் தடுத்து நிற்பது சென்சாருக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் ஒன்றுதான். அது நைந்தால், காற்றுக் குறைவைச் சொல்ல வந்த கருவியே காற்றுக் குறைவதற்குக் காரணமாகும். மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். எடையையும் கவனியுங்கள். கையில் பத்துக் கிராம்தான். வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, சுழற்சியால் அது வால்வை இழுக்கும் விசை ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமம். வெடிப்பு விட்ட பழைய ரப்பர் வால்வு இதைத் தாங்காது. மாட்டுவதற்குமுன் வால்வை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் புதிது போட்டுவிடுங்கள், முடிந்தால் உலோக வால்வாக. திருட்டைத் தடுக்கப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் ஸ்பானர் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். அறையில் வைத்துவிட்டுப் போனால் நெடுஞ்சாலையில் காற்றடிக்க முடியாது.

உள்ளே பொருத்தும் சென்சார் உள்ளவர்கள் டயர் கழற்றும்போது கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து நெம்புகோலைப் போட்டால் சென்சார் உடையாது. பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றினால் அதன் துளை அடைத்துக்கொள்ளும். அதன் பாட்டரி பெரும்பாலும் மெழுகு போன்ற பொருளால் மூடப்பட்டிருப்பதால், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். புதிய சென்சாருக்குப் புதிய எண். திரைக்கு மீண்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மின்னணுவியல் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. சென்சார் பொதுவாகக் கூவுகிறது என்றேன் அல்லவா? அந்தக் கூவலைப் பிறரும் கேட்கலாம். 2010-இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கார்ச் சென்சாரின் பேச்சை 40 மீட்டர் தொலைவிலிருந்து ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள். அதே எண்ணைச் சொல்லிப் பொய்யான செய்தி அனுப்பி, ஓடும் காரின் எச்சரிக்கை விளக்கை எரியவும் வைத்தார்கள். திரை நம்புவது எண்ணை மட்டும்தான், சொல்லுகிறவரை அன்று.

பஞ்சர் கடைப் பெரியவர் அன்று டியூப்பை ஒட்டி முடித்ததும், வெள்ளை வர்ணமும் குச்சியும் எடுத்துவந்தார். முன் சென்சாரில் ஒரு புள்ளி, முன் ரிம்மில் வால்வு ஓரம் ஒரு புள்ளி; பின்னால் இரண்டிரண்டு புள்ளி. “இனி இருட்டிலும் தவறாது” என்று சொல்லிவிட்டு, பஞ்சருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.